பொட்டு இல்லாத இன்ஜெக்டர்

நர்மதாவின் உயிருக்கு விலை ஐம்பது லட்ச ரூபாய்.

பேரம் பேசாமல் முடிந்த விலை. அதுதான் வில்லங்கம். அரியலூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் பரணிதரன், ஒரு கட்டுக் கீரைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவன். மனைவி பேரில் இன்சூரன்ஸ் எடுத்தபோது மட்டும், ஏஜெண்ட் சொன்ன தொகைக்கு மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தான். அவனோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தூக்கம் போக அது போதாதா?

அதற்கு அடுத்த வாரம், குடும்பக் காருக்குள் பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் மணிமொழியின் துப்பறியும் நிலையம். வீட்டுக்குத் தெரியாமல் நர்மதா ஏறிவந்து கேஸ் கொடுத்திருந்தது அங்கேதான். மணிமொழிக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, எது விபத்து, எது வியாபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுடைய உதவியாளன் பிரேம்குமார், முன்னாள் செகண்ட் ஹாண்ட் கார் புரோக்கர். சொந்தப் பொய் சலித்துப்போய், அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடிக்கும் தொழிலுக்கு வந்தவன்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே நர்மதாவின் போன் வந்தது. பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"குழாயைத் தொறந்துவிட்டுட்டுப் பேசுறேன்க்கா. வெளிய கேக்கக் கூடாது. இன்னிக்குத்தான்க்கா."

"என்ன இன்னிக்கு?"

"வண்டி ரிப்பேர் முடிஞ்சு வந்துடுச்சாம். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில்ல பூசை போடணுமாம். என்னையும் பாப்பாவையும் கார்ல போகச் சொல்றாரு. அவரு கடை பைக்ல வர்றாராம். ஏன்க்கா? அவரு ஏன் கார்ல வரல?"

மணிமொழி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "வாசனை?"

"இன்ஜெக்டர் ஒழுகுதுன்னு உங்க ஊர்ல மதுரைவீரன் பட்டறையில விட்டு, நாலும் புதுசு போட்டாச்சுன்னாரு. வியாழக்கெழமை வண்டி வந்துச்சு. நேத்து குருநாதன் அண்ணன் வாட்டர் வாஷ் போட்டு நிறுத்தியிருக்காரு. இன்னிக்குத்தான் நான் கதவைத் தொறந்தேன். குப்புனு அடிக்குது. மொதல்ல இருந்ததைவிட ஜாஸ்தி."

"குருநாதன் யாரு?"

"எங்க நாத்தனார் வூட்டுக்காரரு. கடைக்கு ஒத்தாசையா இருக்காரு. இந்த வூட்ல எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுற ஒரே ஆளு அவருதான். மீன்சுருட்டியில எங்கப்பா குடுத்த முந்திரிக் காட்டை விக்கச் சொல்லி எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசமா மொகத்தைத் தூக்கி வச்சிருக்காரு. அண்ணன்தான் நடுவுல சமாதானம் பேசுறாரு. கையெழுத்துப் போட்டுட்டா சண்டை தீந்துடும்னாரு. நான்தான் போடல."

"பானெட்டைத் திறந்து இன்ஜினை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்னிக்கு ராகு காலம் ஒம்பதுலேருந்து பத்தரை. அதுக்கப்புறம்தானே கெளம்புவீங்க?"

"ஆமாக்கா."

"அதுக்குள்ள கூப்பிடுறேன். தைரியமா இருங்க."

"அது இருந்தா எதுக்குக்கா குழாயைத் தொறந்து விடுறேன்?"

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைத் தூறலாக இன்ஜினுக்குள் பீய்ச்சும் விரல் நீளச் சாமான். மேலே ஒரு ரப்பர் வளையம், கீழே ஒன்று. மேல் வளையம் வெடித்தால் பெட்ரோல் உள்ளே போகாமல் சூடான இன்ஜின் தலையில் சொட்டும். படத்தில் நான்கும் வரிசையாக நின்றன. அதில் மூன்றின் தலையில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் தெரிந்தது. ஆயுத பூசைக்கு நர்மதா தன் கையால் வைத்த பொட்டு. ஒன்றில் மட்டும் பொட்டு இல்லை.

பிரேம்குமார் கைதட்டினான். "கேஸ் முடிஞ்சுதுக்கா! பூசை நடந்து ஒரு மாசம் ஆச்சு. பொட்டு இருக்கிற மூணும் பழசு. பொட்டு இல்லாதது ஒண்ணுதான் புதுசு. நாலுக்குப் பில்லு, ஒண்ணுக்கு வேலை. இது கொலை இல்ல, மெக்கானிக் பண்ணின கொள்ளை."

"அப்படித்தான் தெரியுது," என்றாள் மணிமொழி. அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. "வா, அந்த மதுரைவீரனைப் பாப்போம்."

பிரேம்குமாரின் காரில் கிளம்பினார்கள். புரோக்கராக இருந்த காலத்தில் எந்த ஏமாளியின் தலையிலும் கட்ட முடியாமல் அவனிடமே தங்கிவிட்ட கார் அது. துறைமங்கலத்தில் இருந்த பட்டறைக்கு அதில் போய்ச் சேருவதற்குள் ஒன்பது தாண்டிவிட்டது.

மதுரைவீரன் லாரி டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டி, "நாலு போட்டேன்னு சொல்லி ஒண்ணு போட்டீங்களாமே?" என்றதும் டீயைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா? அந்தப் பரணியா? என் பட்டறையில கூட வந்து நின்னு பாத்துட்டு இப்படிச் சொல்றாரா?"

"கூட நின்னாரா?"

"நின்னாராவா? என் கழுத்துமேல நின்னாரு! நாலையும் கழட்டி, நாலு டீ கிளாஸ்ல வாயை வச்சு, சாவியைப் போட்டுக் காட்டுனேன். மூணு கிளாஸ் காஞ்சு கெடந்துச்சு. ஒண்ணுல மட்டும் சொட்டு சொட்டா பெட்ரோல். மேல் வளையமும் வெடிச்சுப் போச்சு. ஒண்ணு போனா மத்ததும் பின்னாடியே போவும், நாலும் மாத்திடலாம்னேன். அரை நாள் பேரம். கடைசியில நாலும் புதுசு, வளையம் எட்டும் புதுசு போட்டு அனுப்புனேன்."

"இப்ப வண்டியில இருக்கிறது பழசுங்க," என்றான் பிரேம்குமார். "வேணும்னா பொட்டை எண்ணிக்குங்க."

மதுரைவீரன் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபம் போய், முகம் வேறு மாதிரி ஆனது.

"இது நான் கழட்டினதாச்சே."

"எது? பொட்டு இருக்கிற மூணா?"

"நாலும்." அவர் குரல் இறங்கியது. "கழட்டுறப்பவே மூணுலதான் பொட்டு இருந்துச்சு. மூணாவதுல இல்ல. அதுதானே ஒழுகுனது? வச்ச பொட்டைப் பெட்ரோலே கழுவி எடுத்துடுச்சு."

மணிமொழி போட்டோவைத் திரும்ப வாங்கினாள். பொட்டு இல்லாதது மூன்றாவது.

பிரேம்குமார் 'புதுசு' என்று கை காட்டியதுதான் இருப்பதிலேயே கேடு கெட்ட பழசு.

"பழசை என்ன பண்ணுனீங்க?"

"பையில போட்டு அவரு கையில குடுத்தேன். பழசைக் கையில வாங்காம பில்லுக்குக் காசு குடுக்கிற ஆளு நம்ம பக்கத்துல உண்டா? புதுசு போட்டேன்னு ஏமாத்திடுவோம்னு பயம். எல்லாரும் வாங்கிட்டுத்தான் போவாங்க. வாங்குனதைத் திரும்ப மாட்டுனவன் எவனும் இல்ல." மதுரைவீரன் எழுந்து நின்றார். "யாரோ புதுசைக் கழட்டிட்டு, வெடிச்ச வளையத்தோட பழசை வச்சிருக்காங்க. தெரிஞ்சே வச்சிருக்காங்க. அந்த வண்டியை ஓட விடாதீங்கம்மா. இன்ஜின் ஓடுறப்பத்தான் பம்பு தள்ளும், நல்லா கொட்டும். பக்கத்துல ஒரு பொறி விழுந்தாப் போதும்."

"பூசை போடப் போறாங்க," என்றாள் மணிமொழி. "கற்பூரம்."

மணிமொழி நர்மதாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். நான்காவது தடவைதான் நர்மதா எடுத்தாள். பின்னால் ஒலிபெருக்கி, மேளம், கூட்டம்.

"நர்மதா! எங்க இருக்கீங்க?"

"கோயில்லக்கா! ராகு காலம் பொறக்கிறதுக்குள்ள வூட்டுப் படியைத் தாண்டிட்டா தோசம் இல்ல, அங்க போயிக் காத்திருக்கலாம்னு சொல்லிட்டாங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க, நானே ஓட்டிட்டு வந்தேன். கண்ணாடியெல்லாம் எறக்கிவிட்டுட்டுதான் வந்தேன்... இப்ப அவரு மாலை வாங்கிட்டு வந்துட்டாரு. பத்தரை ஆனதும்—"

"வண்டிகிட்ட போகாதீங்க! கற்பூரம் கொளுத்தக் கூடாது!"

"என்னக்கா? கேக்கல. மேளம் அடிக்கிறாங்க. பூசை முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்க்கா."

அவ்வளவுதான். அனுப்பிய வாட்ஸ்அப்பும் ஒற்றை டிக்கோடு நின்றது. அரியலூர் ரோட்டில் கார் பறந்தது. பறந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது, குலுங்கியது.

"போலீஸ்ல சொல்லலாமாக்கா?"

"என்னன்னு சொல்லுவ? ஒரு கார்ல பெட்ரோல் வாசனை வருது, ஓடி வாங்கன்னா?"

பேரளி தாண்டியபோது மணிமொழியின் போனில் செய்தி வந்தது. பழைய கம்பெனித் தோழி விசாரித்துச் சொல்லியிருந்தாள். பரணிதரன் அதே நாளில், அதே தொகைக்குத் தன் பேரிலும் பாலிசி எடுத்திருக்கிறான். பணம் போவது நர்மதாவுக்கு.

"அப்ப மாப்பிள்ளை நல்லவராக்கா?"

"ரெண்டு டிக்கெட் வாங்குனவன் ரெண்டு பேரையும் கூட்டிட்டுத்தான் போவான்னு என்ன நிச்சயம்? ரோட்டைப் பாருடா."

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரோட்டைத் தன் பேரில் பத்திரம் பண்ணினது மாதிரி நடுவில் போய்க்கொண்டிருந்தது. பிரேம்குமார் ஹாரனை அழுத்தினான், சத்தம் வரவில்லை. தலையை வெளியே நீட்டி அவனே கத்தினான். மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. கார் எரிந்தால் கதவு முதலில் எப்படி இறுகிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். பின் சீட்டில் பிள்ளை இருந்த வண்டி ஒன்றைப் பார்த்த பிறகுதான் அந்த வேலையையே விட்டாள்.

அவர்கள் கல்லங்குறிச்சியை அடைந்தபோது பத்தரை தாண்டிவிட்டது.

கோயிலுக்கு வெளியே, மதில் ஓரமாக மாலை போட்ட வெள்ளைக் கார். பானெட் திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பரணிதரன், கையில் தட்டு, தட்டில் கொழுந்துவிட்டு எரியும் கற்பூரம். பக்கத்தில் கைகூப்பி நர்மதா. அவளுக்கு முன்னால் நுனிக்காலில் நின்று தட்டை எட்டிப் பார்க்கும் ஏழு வயது பிரவீணா. பூசை போடுகிறவர் கொஞ்சம் தள்ளி, வெறுங்கையோடு, வெறுத்துப்போன முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மணிமொழி இறங்கி ஓடினாள். பத்தடியில் சட்டென்று ஓட்டத்தை நிறுத்தினாள். கத்தினால் பரணிதரன் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் தட்டு சாயும். சாய்ந்தால் கற்பூரம் விழுகிற இடம் இன்ஜின்.

அப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்ஜின் ஓடட்டும், நிறுத்தாத! தட்டைத் தங்கச்சிகிட்ட குடு மாப்ள! அது காட்டட்டும், நீ இந்தப் பக்கம் வா!"

இளநீர் வண்டிக்கு அப்பால், தலையில் ஹெல்மெட்டோடு, பைக் மேல் உட்கார்ந்திருந்தான் ஒருவன். கற்பூரம் ஏற்றினால் முன்னால் வருவதுதான் ஊர் வழக்கம். சம்பந்தமே இல்லாத மொட்டைத் தலைகள்கூட ஒற்றிக்கொள்ள நெருங்கிக்கொண்டிருந்தன. பின்னால் போனது அந்த ஒரு ஆள்.

அவனைப் பார்க்க இப்போது நேரமில்லை. மணிமொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேர்த்திக்கடன்காரி மாதிரி மெல்ல நடந்து போனாள். மூன்றாவது இன்ஜெக்டரின் கழுத்து பளபளத்தது. ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. தட்டுக்கும் அதற்கும் ஒரு கை தூரம்.

"நல்லாருக்கணும் தம்பி," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டை அடியில் தாங்கினாள். "மொதல்ல பெருமாளுக்குக் காட்டணும். குடுங்க, காட்டிட்டுத் தரேன்."

"யாரும்மா நீங்க? எங்க ஊர்ல இன்ஜினுக்குத்தான் மொதல்ல," என்றான் பரணிதரன். சாவின் வாசலிலும் பேரம்.

"பெருமாளுக்குப் பாதி, இன்ஜினுக்குப் பாதி தம்பி. கற்பூரம் நான் போட்டுக்குறேன்."

இலவசக் கற்பூரம். அவன் பிடி தளர்ந்தது.

மணிமொழி தட்டோடு பின்னாலேயே அடியெடுத்து வைத்தாள். காற்று மட்டும் திரும்பக் கூடாது. தட்டின் சூடு விரலைச் சுட்டது. வழியில் ஒரு கிழவர் மறித்து ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரி. "நில்லும்மா, எனக்கும்!" என்று இன்னொருத்தி. யாரையும் தள்ளிவிட முடியவில்லை. அதற்குள் பிரேம்குமார் டிரைவர் சீட்டில் கைவிட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. அவன் பிரவீணாவைத் தூக்கிக்கொண்டு நர்மதாவைக் கையால் விரட்டினான்.

மதில் முனை மணலில் தட்டைக் கவிழ்த்த பிறகுதான், விரல் நுனி கொப்பளித்திருப்பதை மணிமொழி பார்த்தாள்.

"ஏய், யாருங்க நீங்கள்லாம்? பூசையைக் கெடுத்துப்புட்டு!" பரணிதரன் ஓடிவந்தான்.

பிரேம்குமார் கர்ச்சீப்பால் மூன்றாவது இன்ஜெக்டரைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் மூக்கருகே நீட்டினான். கர்ச்சீப் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பரணிதரன் அதை முகர்ந்தான். பிறகு காரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கடைசியாக மகளைப் பார்த்தான்.

"நாலும் புதுசாச்சே," என்றான்.

"மதுரைவீரன் குடுத்த பழசை யார்கிட்ட குடுத்தீங்க?" என்றாள் மணிமொழி.

"எங்க மாமாகிட்டதான். காயலான் கடையில போடச் சொல்லி. அவருக்கு கராஜ் வேலை தெரியும், குவைத்துல அதான் பாத்தாரு. நல்ல வெலைக்குத் தள்ளுவாருன்னு..." சொல்லச் சொல்ல வார்த்தை நின்றது. "நேத்து வாட்டர் வாஷுக்கும் அவருதான் எடுத்துட்டுப் போனாரு."

எதிர்ப்பக்கம், ஹெல்மெட்டோடு இருந்த குருநாதன் பைக்கின் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே!" என்று பிரேம்குமார் ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினான். "இதைத் தேடுறீங்களா? அக்கா தட்டைத் தாங்கப் போனப்ப நீங்க கற்பூரத்தையே பாத்துட்டு இருந்தீங்க, உருவிட்டுத்தான் கார்கிட்ட வந்தேன். செகண்ட் ஹாண்ட் வண்டி வித்த கை, சாவியைப் பாத்தா தானா போயிடுது."

குருநாதன் இறங்கி ஓடப் பார்த்தான். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைக்காமலே வழியில் நின்றார். பிரேம்குமார் பைக் பெட்டியைத் திறந்தான். பழைய பனியன் துணியில் சுற்றி, நான்கு இன்ஜெக்டர்கள். புத்தம் புதுசு. வளையம்கூட மினுங்கியது.

"மனுசங்களைக் கொளுத்தத் துணிஞ்ச ஆளுக்கு, புதுச் சாமானைக் கெணத்துல வீசி எறிய மனசு வரல பாத்தீங்களாக்கா? வித்துக் காசாக்கலாம்னு வச்சிருக்காரு."

"மாமா?" என்றான் பரணிதரன்.

குருநாதன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. "முந்திரிக் காட்டுக்கு அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டேன் மாப்ள. கையெழுத்து இல்லன்னா என் சங்கை அறுத்துடுவானுங்க. தங்கச்சி போடவே மாட்டேன்னுடுச்சு. அது போயிட்டா எல்லாம் ஒன் கைக்கு வரும், நீ எம்பேச்சைத் தட்ட மாட்ட..." அவனுக்கு அழுகை வந்தது. "உன்னை யாருடா தட்டைப் பிடிக்கச் சொன்னா? பூசை போடுறவர்கிட்டதானே குடுக்கச் சொன்னேன்!"

"அவரு கேட்டது ஜாஸ்தியா இருந்துச்சு," என்றான் பரணிதரன். "அதான் நானே காட்டுனேன்."

பூசை போடுகிறவர் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குள் போனார்.

போலீஸ் வரும் வரை நர்மதா மதிலோரம் உட்கார்ந்திருந்தாள். பிரவீணா மடியில் உட்கார்ந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. குருநாதன் இரண்டு தடவை "தங்கச்சி" என்றான். அவள் திரும்பவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள்.

பரணிதரன் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து மகளுக்குக் கொடுத்தான். பாட்டிலுக்கு என்ன விலை என்றுகூட அவன் கேட்டிருக்கவில்லை. மனைவி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"இந்த அம்மாவும் அந்தப் பையனும் யாரு? நேரா வந்து தட்டைப் பிடிச்சாங்க. வண்டியோட வியாதி அவங்களுக்கு எப்படித் தெரியும்? மதுரைவீரன் பேரு எப்படித் தெரியும்?"

நர்மதா மணிமொழியைப் பார்த்தாள். மணிமொழி கொப்பளித்த விரலை ஊதிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லு நர்மதா. யாரு மேல சந்தேகப்பட்டு இவங்களைக் கூப்பிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைய கணக்கு இதுதான். வரவு, தாயும் மகளுமாக இரண்டு உயிர். அவர்களோடு, கேட்காமலே ஒட்டிக்கொண்டு தப்பிய கணவன் ஒருவன். செலவு, ஓர் அண்ணன். பாக்கி, ஒரு மாதமாகக் கட்டியவனைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டவள் சொல்ல வேண்டிய பதில். அது மட்டும் அன்று வசூலாகவில்லை.